சர்ப்பகந்தா முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை: ஒரு நம்பரின் கதை

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குப்பை கொட்டுறவன். பழைய கதைகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு கொஞ்சம் உண்டு. இதைப் படிச்சுட்டு மாத்திரையைக் கூட்டுறது, குறைக்கிறது எல்லாம் வேண்டாம், அது உங்க டாக்டர் வேலை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால்னு நம்ம பக்கம் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் கேட்டுக்குள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் டெஸ்ட் இருக்கும். உயரம், எடை, கண் பார்வை, ரத்த வகை. அதுக்குக் கீழே ஒரு கட்டத்தில் 120/80 மாதிரி ஒரு நம்பர். அந்த ஒரு கட்டத்தை நினைச்சே முந்தின ராத்திரி தூங்காத பையன்களைப் பார்த்திருக்கேன். டெஸ்ட்டுக்குப் போற அன்னைக்கு மட்டும் சித்தப்பாவோட பிரஷர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கிட்டுப் போன ஒருத்தரையும் தெரியும்.

அவர் பயந்தது நோய்க்கு இல்லை. நம்பர் ஏறியிருந்தா வேலை கிடைக்காதேன்னு பயந்தார். அப்போதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த நம்பரை மனுஷனைக் காப்பாத்தக் கண்டுபிடிச்சாங்களா, இல்லை கழிச்சுக்கட்டக் கண்டுபிடிச்சாங்களா? தேடிப் பார்த்தா ரெண்டுக்கும் பயன்பட்டிருக்கு. அதுவும் கழிச்சுக்கட்டுறதுதான் முந்திக்கிட்டு வந்திருக்கு.

குதிரையும் பாதரசமும்

இங்கிலாந்தில் ஸ்டீஃபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார். செடிகொடிகளில் நீர் எப்படி மேலே ஏறுதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவர், ஒரு பெண் குதிரையின் ரத்தக்குழாயில் நீளமான கண்ணாடிக் குழாயைச் சொருகிப் பார்த்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் வரைக்கும் ஏறி நின்னுச்சு. இதை 1733-ல் புத்தகமா போட்டார். ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்த மனுஷன் அவர்தான். ஆனா எட்டடிக் குழாயை வச்சுக்கிட்டு எந்த நோயாளிகிட்ட போக முடியும்?

தண்ணியை விடப் பாதரசம் 13.6 மடங்கு கனம். அதனால எட்டடிக் குழாய் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிடுச்சு. நம்ம 120-ங்கிறது 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசம். அதைத் தண்ணியா மாத்தினா அஞ்சேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே. அதாவது நம்ம இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணியைத் தள்ளுற வேலையைச் செய்யுது. 180 ஆச்சுன்னா எட்டடி.

1896-ல் இத்தாலியில் ரீவா-ரோச்சி கையில் பட்டை கட்டி காத்தடிச்சு அளக்கிற கருவியைச் செஞ்சார். அதில் மேல் நம்பர் மட்டும்தான் தெரியும். 1905-ல் ரஷ்ய ராணுவ மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வச்சுக் கேட்டா சத்தம் வர்ற இடம் மேல் நம்பர், சத்தம் நிக்கிற இடம் கீழ் நம்பர்னு சொன்னார். கைப்பட்டையும் ஸ்டெதஸ்கோப்புமா அளக்கிற இடத்தில் எல்லாம் இன்னைக்கும் நடக்கிறது அதே முறைதான்.

முதல் வாடிக்கையாளர் யார்?

இந்தக் கருவியை ஆஸ்பத்திரிக்காரங்களை விட ஆர்வமா பிடிச்சுக்கிட்டவங்க அமெரிக்காவின் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காரங்க. நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் கம்பெனியின் மருத்துவ இயக்குநர் ஜான் ஃபிஷர் 1907 வாக்கிலேயே பாலிசி கேட்டு வர்றவங்களுக்கு பிரஷர் பார்க்க ஆரம்பிச்சார். நம்பர் அதிகமா இருக்கிறவங்க சீக்கிரம் சாகுறாங்கன்னு அவங்க கணக்குப் புத்தகம் சொல்லிடுச்சு. காரணம் அவங்களுக்குத் தேவைப்படலை, வைத்தியமும் தேவைப்படலை. நம்பர் ஏறினா பாலிசி கிடையாது, அவ்வளவுதான்.

வேலைக்கு எடுக்கும்போது நடக்கிற மெடிக்கல் டெஸ்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஃபிஷர் ஞாபகம்தான் வரும் :-)

டாக்டர்கள் பக்கம் அப்போ இருந்த நம்பிக்கையே வேற. காரணம் தெரியாத பிரஷருக்கு அவங்க 'எசென்ஷியல்'னு ஒரு பெயர் வச்சிருந்தாங்க. ரத்தக்குழாய் இறுகிப்போனவங்களுக்கு ரத்தம் போய்ச் சேர அந்தக் கூடுதல் அழுத்தம் அவசியம், அதில் கை வைக்கக்கூடாதுன்னு பெரிய பெரிய நிபுணர்களே நினைச்சாங்க.

இந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அவருடைய சொந்த மருத்துவர் மெக்கின்டைர், காது மூக்கு தொண்டை நிபுணர்! 1944 மார்ச்சில் புரூன்னு ஒரு இளம் இதய மருத்துவர் பார்த்தப்போ பிரஷர் 186/108. இதயம் வீங்கியிருந்தது. உப்பைக் குறை, ஓய்வெடு, டிஜிடாலிஸ் சாப்பிடு. இதுக்கு மேல சொல்ல அன்னைக்கு மருத்துவத்தில் பெரிசா ஒண்ணும் இல்லை. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டின்போது 260/150. ஏப்ரல் 12-ம் தேதி பின் தலையில் பயங்கர வலின்னு சொல்லிச் சாய்ஞ்சார். அப்போ 300/190. மூளையில் ரத்தக்கசிவு, வயசு 63. உலகத்திலேயே அதிகாரம் மிகுந்த மனுஷனுக்கு ஒரு பிரஷர் மாத்திரை கிடைக்கலை, ஏன்னா அப்படி ஒண்ணு அவங்க ஊர்ல அப்போ இல்லை.

இந்தப் பக்கம் நம்ம காந்தி. 1940 பிப்ரவரியில் அவருக்கு 220/110 இருந்ததா பதிவு இருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்ட சிறப்பிதழில் அவரோட உடல்நலக் குறிப்புகளைப் போட்டிருந்தாங்க. ஒல்லியான மனுஷன், எடை 47 கிலோவுக்குள்ளே. தினம் மைல் கணக்கில் நடை. சைவம், குடி கிடையாது, புகை கிடையாது. 'குண்டா இருந்தா, கோவப்பட்டா, கறி தின்னா பிரஷர் வரும்'னு டீக்கடையில் சொல்றவங்க கிட்ட நான் காந்தியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன். ஆளைப் பார்த்து பிரஷர் சொல்ல முடியாது. அளந்து பார்த்தாத்தான் தெரியும்.

கார் ஃபேக்டரி ஊரில் ஓர் ஆராய்ச்சி

ரூஸ்வெல்ட் செத்து மூணு வருஷத்தில், 1948 ஜூனில், ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் பாஸ்டன் பக்கத்தில் ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு சின்ன ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஆராய்ச்சி ஆரம்பிச்சது. இவங்க நோயாளிகள் இல்லை, நல்லா நடமாடுற சாதாரண ஜனங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுச் சோதிச்சாங்க. யாருக்கு என்ன வருது, வர்றதுக்கு முன்னாடி அவங்க உடம்பு எப்படி இருந்ததுன்னு குறிச்சுக்கிட்டே வந்தாங்க.

1961-ல் கேனலும் அவர் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில்தான் 'ரிஸ்க் ஃபேக்டர்'ங்கிற சொல் பிரபலமாச்சு. பிரஷர், கொலஸ்ட்ரால் மாதிரி விஷயங்கள் மாரடைப்புக்கு பல வருஷம் முன்னாடியே ஆளைக் காட்டிக்கொடுக்குதுன்னு நிரூபிச்சாங்க. 'வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும், கவலைப்படாதே'ங்கிற பேச்சு அதோட அடிபட்டுப் போச்சு.

இதில் எனக்குப் பிடிச்ச தகவல் ஒண்ணு. ஃப்ரேமிங்ஹாமும் ஒரு கார் ஃபேக்டரி ஊர்தான். ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே கார் செஞ்சது. 1989-ல் அந்த ஃபேக்டரியை மூடிட்டாங்க. ஆனா ஜனங்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள்னு அடுத்த தலைமுறைகளுக்கும் போச்சு.

நம்ம வேர், அவங்க மாத்திரை

மருந்து எங்கிருந்து வந்ததுன்னு தேடினா கதை நம்ம பக்கம் திரும்புது. சர்ப்பகந்தான்னு ஒரு செடி. பாம்புக்கடிக்கும் சித்தம் கலங்கினவங்களுக்கும் அதோட வேரைக் கொடுப்பாங்க. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ரெண்டு பேரும் இந்த வேர் பைத்தியத்தைத் தணிக்குது, கூடவே பிரஷரையும் இறக்குதுன்னு கட்டுரை போட்டாங்க. இந்தியப் பத்திரிகையில் வந்ததாலோ என்னவோ வெளியே யாரும் கண்டுக்கலை.

ரூஸ்வெல்ட் சாகுறதுக்கு 14 வருஷம் முன்னாடி வந்த கட்டுரை இது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

1949-ல் பம்பாய் டாக்டர் ரஸ்தம் ஜல் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்த முடிவை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். அதுக்கப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரிச்செடுத்து மாத்திரையாக்கிச்சு. 1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைச்சது. (ஒரு எச்சரிக்கை: இதைப் படிச்சுட்டு நாட்டு மருந்துக் கடையில் வேரை வாங்கி இடிச்சுக் குடிக்காதீங்க. அளவு தப்பினா மனச்சோர்வில் கொண்டு விடும். மாத்திரைக்கே அந்தக் கெட்ட பேர் உண்டு.)

ஆனா பிரஷரை இறக்கினா உயிர் பிழைக்குமாங்கிற கேள்விக்கு இன்னும் பதில் வரலை. அதைச் சொன்னவர் எட்வர்ட் ஃப்ரைஸ். அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் கீழ் பிரஷர் 115-க்கு மேலே இருந்த 143 ஆண்களை ரெண்டு கூட்டமா பிரிச்சார். ஒரு கூட்டத்துக்கு ரிசர்பைன், ஹைட்ரலசீன், ஹைட்ரோகுளோரோதையசைடுன்னு மூணு மருந்து. இன்னொரு கூட்டத்துக்கு வெறும் மாவு மாத்திரை. மாவு மாத்திரைக் கூட்டத்தில் 27 பேருக்கு பெரிய ஆபத்துகள் வந்தது. மருந்துக் கூட்டத்தில் 2 பேருக்குத்தான். இதுக்கு மேல நடத்தினா பாவம்னு பாதியிலேயே நிறுத்திட்டு 1967-ல் முடிவை வெளியிட்டாங்க. கழிச்சுக்கட்டப் பயன்பட்ட நம்பர் அன்னைக்குத்தான் முழுசா காப்பாத்துற நம்பரா மாறிச்சுன்னு நான் சொல்லுவேன்.

27 சென்ட் வைத்தியம்

அந்த மூணு மருந்துப் பேரையும் ஞாபகம் வச்சுக்குங்க. முப்பது வருஷம் கழிச்சு அதே மூணும் சென்னைக்கு வெளியே கிராமங்களுக்கு வந்தது.

கொண்டுவந்தவர் டாக்டர் எம்.கே. மணி. சென்னையில் புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர், பத்மபூஷண் வாங்கினவர். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம்னு வாழ்நாள் பூரா செஞ்சவர், 'நம்ம ஜனங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது கட்டுப்படியாகாது, கிட்னி கெடுறதுக்கு முன்னாடியே பிடிக்கணும்'னு முடிவு பண்ணினார். கிட்னியைக் கெடுக்கிற முக்கியமான ரெண்டு பேர் சுகரும் பிரஷரும்.

கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலமா 25,000 ஜனத்தொகை உள்ள கிராமங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடா அனுப்பினாங்க. சில கேள்விகள், சிறுநீரில் சர்க்கரைக்கும் புரதத்துக்கும் எளிய சோதனை, பிரஷர் அளவு. சந்தேகப்பட்டவங்களை மட்டும் டாக்டர் பார்ப்பார். கொடுத்தது சந்தையில் இருந்ததிலேயே மலிவான மருந்துகள். பிரஷருக்கு ரிசர்பைன், ஹைட்ரலசீன், ஹைட்ரோகுளோரோதையசைடு. பெரிய ஆஸ்பத்திரிகள்ல எப்பவோ பழசுன்னு ஒதுக்கின மருந்துகள்.

2003-லும் 2005-லும் கிட்னி இன்டர்நேஷனல் இதழில் மணி எழுதின கட்டுரைகளில் முடிவுகள் இருக்கு. செலவு தலைக்கு வருஷத்துக்கு 27 அமெரிக்க சென்ட். அப்போதைய ரேட்டில் 13 ரூபாய்க்குள்ளே. மருந்து எடுத்துக்கிட்ட பிரஷர்காரங்களில் 96 சதவீதம் பேருக்கு 140/90-க்குள்ளே வந்தது. எனக்குத் தெரிஞ்சு தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சத்தமில்லாம நடந்த பெரிய விஷயம் குறைவு.

இதுக்குப் பக்கத்தில் ஒரு நம்பரை வச்சுப் பார்க்கணும். 2020-ல் தமிழ்நாடு பூரா நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூணில் ஒருத்தருக்கு (33.9%) பிரஷர். அவங்கள்ல கட்டுக்குள்ளே இருந்தவங்க 7.3 சதவீதம். ரெண்டு கணக்கும் ஒரே தராசில் நிறுக்கக்கூடியது இல்லை, ஒண்ணு மருந்து எடுத்தவங்களை மட்டும் எண்ணினது, இன்னொண்ணு தனக்கு பிரஷர் இருக்குன்னே தெரியாதவங்களையும் சேர்த்தது. ஆனா அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கு. மருந்து இல்லாம ஜனங்க சாகலை. அளக்காம, சொல்லாம, தொடர்ந்து போய்ப் பார்க்காம சாகுறாங்க.

நம்ம காரிடார் கணக்கு

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருட்ட ஆரம்பிச்சது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் நின்னது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டைம்லர் லாரி. ஏரியும் வயலுமா இருந்த பக்கம் ஒரே தலைமுறையில் மூணு ஷிஃப்ட் ஊராச்சு. 1998-ல் இருபது வயசில் சேர்ந்த பையன் இப்போ ஐம்பதை நெருங்குறார். பிரஷர் தன் பில்லைக் கொண்டுவந்து நீட்டுற வயசு இது.

ரிஸ்க் ஃபேக்டர் பட்டியலை நம்ம ஊர் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்க.

- உப்பு: உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளேன்னு சொல்லுது. 2007-ல் வந்த சென்னை ஆய்வில் சராசரியே 8.5 கிராம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு வளர்ந்த ஊர் ஆச்சே! ரூமில் தங்குற பையன் ஊறுகாய், அப்பளம், கருவாட்டை வச்சுத்தான் சாப்பாட்டை இறக்குறான்.
- தூக்கம்: ராத்திரி நாம தூங்கும்போது பிரஷர் தானா இறங்கணும். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுறவங்களுக்கு அந்த இறக்கம் கெட்டுப்போகுது.
- இரைச்சல்: பிரஸ் ஷாப் இரைச்சல் காதை மட்டும் கெடுக்கிறதில்லை, வருஷக்கணக்கில் கேட்டா பிரஷரையும் ஏத்தும்.
- வலி மாத்திரை: எட்டு மணி நேரம் நின்ன முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குற மாத்திரைகளில் பல பிரஷரை ஏத்தும், கிட்னியையும் பதம் பார்க்கும். இதை யாரும் சொல்றதே இல்லை.
- குடி, புகை, எடை, சுகர், அப்பா அம்மாவுக்கு பிரஷர் இருந்தது: இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச பட்டியல்.
- பெண்களுக்கு ஒண்ணு கூடுதல்: கர்ப்ப காலத்தில் பிரஷர் வந்தவங்களுக்குப் பிரசவத்தோட அது இறங்கினாலும் பின்னாடி திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

ஆபத்து எவ்வளவுன்னு கேட்டா, 40 முதல் 69 வயசுக்குள்ளே மேல் நம்பர் 20 கூடும்போதெல்லாம் பக்கவாதத்தாலோ மாரடைப்பாலோ சாகுற வாய்ப்பு ரெட்டிப்பாகுதுன்னு 2002-ல் லட்சக்கணக்கானவங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு சொல்லிச்சு. ஃபேக்டரி ஆளுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா: 120-ங்கிறது வெறும் 0.16 பார். ஏர் லைனில் 6 பார் ஓடுற இடத்தில் இது ஒரு அழுத்தமே இல்லை. ஆனா ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை அடிக்குது. ஒரே அடியில் உடையாத இரும்பு கோடிக்கணக்கான அடியில் விரிசல் விடுமே, அந்தக் கதைதான். விரிசல் விடுற இடம் மூளை, இதயம், கிட்னி, கண். வலி, தலைசுத்தல்னு ஒண்ணும் இருக்காது பெரும்பாலும்.

பக்கத்து யூனிட்டில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர். 36 வயசு, கான்ட்ராக்ட். ராத்திரி ஷிஃப்ட்டில் வலது கை கால் விழுந்துபோச்சு. பிறகு அவர் மனைவி பழைய காகிதங்களை எடுத்துக் காட்டினாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த மெடிக்கல் ஃபாரத்தில் 158/104-ன்னு எழுதி, கீழே 'ஃபிட்'னு முத்திரை. அளந்திருக்காங்க, எழுதியிருக்காங்க. அவர்கிட்ட சொல்லலை. ஃபிஷர் கம்பெனியாவது நம்பரைப் பார்த்து ஒரு முடிவெடுத்தது. இங்கே அதுவும் இல்லை.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல முடியாது. 2007-லேயே விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் பிரஷருக்குன்னு முன்னோட்டத் திட்டம் நடத்தி, அப்புறம் மாநிலம் பூரா கொண்டுபோனாங்க. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. மணியோட கிராமத்துப் பெண்கள் செஞ்ச அதே வேலை, மாநில அளவில். ஃபேக்டரிகளுக்கே போய்ச் சோதிக்கிற திட்டத்தையும் பின்னாடி சேர்த்தாங்க. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத்தில் 40 வயசைத் தாண்டினவங்களுக்கு வருஷா வருஷம் இலவசப் பரிசோதனைன்னு இருக்கு. நல்லதுதான். ஆனா அந்த ஆபரேட்டருக்கு வயசு 36. லைனில் நிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேலே இருபதுகளில் இருக்காங்க.

எனக்குத் தோணுறது ரொம்பச் சின்ன விஷயம். வேலைக்கு எடுக்கும்போது அளக்கிற நம்பரை அந்த ஆள் கையில் எழுதிக் கொடுங்க. ஏறியிருந்தா கழிச்சுக்கட்டாம, இ.எஸ்.ஐ.க்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்பி மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. கான்ட்ராக்ட் மாறினா அந்தக் காகிதமும் கூடவே போகட்டும். நம்பரைப் பார்த்து வேலை போகாதுன்னு தெரிஞ்சாத்தான் ஜனங்க நம்பரை மறைக்க மாட்டாங்க, சித்தப்பா மாத்திரையும் வேண்டியிருக்காது.

நீங்க செய்ய வேண்டியதும் ஒண்ணுதான். இந்த வாரம் ஒரு தடவை அளந்துக்குங்க. அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி டீ, காபி, சிகரெட் வேண்டாம். சாய்ஞ்சு உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் பேசாம இருந்துட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வச்சு ரெண்டு தடவை பாருங்க. 140/90-ஐத் தொட்டா இன்னொரு நாள் திரும்பப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போங்க. மாத்திரை ஆரம்பிச்சா, நல்லாத்தானே இருக்கேன்னு நீங்களா நிறுத்தாதீங்க. மாத்திரை போடுறதாலதான் நல்லா இருக்கீங்க.

உங்க ஊர் ஃபேக்டரிகளில் இந்த நம்பரை என்ன செய்றாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்களே. கம்பெனி பேர் வேண்டாம், நடக்கிறதை மட்டும் சொன்னாப் போதும்.